ஒலிவ மரக் கோயிலில் அண்ணன் பங்கு

பெத்லகேம், 1965 நவம்பர் 28

பிஷாரா அண்ணனுக்கு,

தங்கை மிலாதே எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், எட்டு வருஷமாக அங்கிருந்து ஒரு வரி இல்லையே. நானும்தான் போடவில்லை. அதனால் குறை சொல்ல வரவில்லை.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. மாடி அறைக் கூரை ஒழுகி, எருசலேம் உயிர்ப்புக் கோயிலைப் பார்த்து அப்பா செய்த மேசைக் கோயிலின் குவிமாடத்தின் மேலேயே சொட்டியிருக்கிறது. நான் பார்ப்பதற்குள் ஒலிவ மரம் ஊறி உப்பிவிட்டது. பூகம்பத்துக்குப் பிறகு அப்பா தன் கையாலேயே ரம்பம் வைத்து அறுத்த விரிசல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது இப்போது விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கிறது. சிப்பிச் சில்லுகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பொறுக்கி ஒரு காப்பிக் கோப்பையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

கூரையை ஆள் வைத்து அடைத்தாயிற்று. கூரையைப் பற்றி நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. கோயிலைப் பற்றித்தான் செய்தேன். அப்பாவின் நாற்பதாம் நாள் அன்று, பங்குச் சாமியார் முன்னால், சுவிசேஷத்தின் மேல் கை வைத்து, அண்ணன் சொல்லாமல் இதில் ஒரு சொட்டுப் பசை வைக்க மாட்டேன் என்றேன். இன்றுவரை வைக்கவில்லை.

இப்போது கேட்கிறேன். என் விரல் கணுவெல்லாம் வீங்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் காப்பிக் கெண்டியைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. சிப்பி இழைக்கிற வேலை இந்தக் கையில் இன்னும் எத்தனை காலம் நிற்குமோ. கை ஓடும்போதே அதை முழுசாக்கி, ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

மிலாதே


சந்தியாகோ, 1966 ஜனவரி 19

தங்கை மிலாதேவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரன் கடை மேசையில் எறிந்துவிட்டு, “ஏ துருக்கா, உங்க ஊர்லேர்ந்து ஏதோ வந்திருக்கு” என்றான். இந்தத் தெருவில் துணி விற்று எனக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் நான் துருக்கன்தான், அரபு பேசி வந்தவனெல்லாம் இவர்களுக்குத் துருக்கன். நம் ஊரை ஆண்ட துருக்கனை நம் தாத்தா என்னென்ன சொல்லித் திட்டுவார் என்பது இவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். இந்த மரியாதை எப்போதிலிருந்து? துக்கம் கேட்க வந்த கூட்டத்தின் நடுவே “போடா திருட்டுப் பயலே” என்று கத்தியவள்தானே நீ.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கூடாது.

ஏன் என்று நீ கேட்க வேண்டியதில்லை. எருசலேமில், அந்த உயிர்ப்புக் கோயிலில், எந்தப் படியை எவன் பெருக்குகிறானோ அந்தப் படி அவனுடையது. எந்த ஓட்டையை எவன் அடைக்கிறானோ அந்தக் கூரை அவனுடையது. அதனால்தானே அங்கே பங்குள்ள சபைக்காரர்கள் ஒருத்தனை ஒருத்தன் ஆணி அடிக்க விடுவதில்லை. நாம் பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சட்டம் இது. அப்படியிருக்க, அப்பா படுக்கையில் கிடந்தபோது நீ என்ன செய்தாய்? அவர் செய்த கோயிலின் பெரிய வாசலுக்குப் புதுச் சிப்பி பதித்தாய். நான் கப்பல் மாறி கப்பல் ஏறி, அடக்கத்துக்குக்கூட வந்து சேர முடியாமல், நாற்பதாம் நாளுக்கு வந்து நிற்கிறேன். வாசல் பளபளவென்று மின்னுகிறது. வந்தவன் போனவனெல்லாம் “மிலாதே கைவேலை” என்கிறான். அதன் மரவேலையில் பாதி என்னுடையது. ஒருத்தன் வாயிலாவது என் பெயர் வந்ததா?

அதனால்தான் சாமியார் பிரித்துக் கொடுத்தார். முகப்பும் முற்றமும் மணிக்கூண்டும் உனக்கு. கல்லறை மண்டபமும் அதைச் சுற்றி நிற்கிற தூண்களும் எனக்கு. குவிமாடம் பொது. உன் பங்கைக்கூட என்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன் என்றால், உன்னைத் தெரிந்துதான் வாங்கினேன்.

வேண்டுமானால் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்து. மேலாகத் தூசி தட்டிக்கொள். அவ்வளவுதான்.

பிஷாரா


பெத்லகேம், 1966 மார்ச் 14

அண்ணா,

மரியாதை வேண்டாமென்றால் எனக்கு மிச்சம். நீ என்றே எழுதுகிறேன்.

தூசி தட்ட உத்தரவு கொடுத்ததற்கு ரொம்ப நன்றி. கோழி இறகால் தட்டினேன். உன் பங்குத் தூண்களைத் தட்டும்போது, இது பெருக்குவதில் சேருமோ என்று கை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு உம் நக்லே, நக்லேயின் அம்மாதான், பார்த்துக்கொண்டே இருந்தாள். “தூசி தட்டுறதுக்கு சிலிக்கு லெட்டர் போடுறவளை நான் இப்பத்தான்டி பாக்குறேன். அங்கிருந்து பதில் வர்றதுக்குள்ள தூசி முளைச்சுச் செடியாயிடும்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோயில் எப்படி நம் வீட்டில் தங்கியது என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதைச் செய்யச் சொன்னது ஒரு வெளிநாட்டுப் பிரபு. முடிகிற சமயத்தில் பூகம்பம் வந்தது. நம் வீட்டு மேசையில் இருந்ததற்கு ஒரு கீறல் இல்லை. அப்பா எருசலேமுக்குப் போய் உண்மையான கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் நேரே மாடிக்கு ஏறி, ரம்பத்தை எடுத்துக் குவிமாடத்தை அறுத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “உமக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளைக்கு அந்தத் துரை வந்து கேட்டா என்ன சொல்றது?” அப்பா சொன்னார்: “அங்க விரிசல் விட்டிருக்கு. இங்க முழுசா இருந்தா இது பொய்.” துரை வந்தார், முழுசாகக் கேட்டார், அப்பா கொடுக்கவில்லை. அப்புறம் ஆங்கிலேயர் அங்கே முகப்புக்கு முட்டுக் கொடுத்தார்கள், அப்பா இங்கே கம்பியில் முட்டுக் கொடுத்தார். அங்கே நடந்ததெல்லாம் இங்கேயும் நடந்தது.

சரி, இப்போது அங்கே என்ன நடக்கிறது? ஒரு படிக்காக விளக்குமாற்றால் மண்டையை உடைத்துக்கொண்ட கிரேக்கர்களும் அர்மேனியர்களும் நம் லத்தீன் சபைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடித்து, கல் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். உளிச் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்கிறது. அந்த மூன்று பேருக்கும் முடிந்தது, ஒரு வயிற்றில் பிறந்த நம் இரண்டு பேருக்கு முடியாதா?

இன்னொன்று. அந்த வாசல் சிப்பியை நானாகப் பதிக்கவில்லை. பேச்சுக் குழறுகிற நிலையில் அப்பா கூப்பிட்டுச் சொன்னார். “மிலாதே, வாசலைச் சரி பண்ணு. பிஷாரா வர்றப்ப வாசல் நல்லா இருக்கணும்” என்றார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எங்கே கேட்டாய்? பெட்டியைக் கீழே வைக்கும் முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டாயே.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. யார் சரி யார் தப்பு என்று தீர்த்துக்கொள்ளத் தெம்பில்லை. குவிமாடத்தை மட்டும் விடு.

மிலாதே


சந்தியாகோ, 1966 ஜூன் 2

மிலாதே,

உன் கடிதம் படித்த அன்றைக்குக் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்துவிட்டேன். உன் அண்ணி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பதில் எழுதக் காகிதம் எடுப்பதும் மூடி வைப்பதுமாக இத்தனை நாள் ஓடிவிட்டது.

அப்பா அப்படிச் சொன்னாரா? என் பெயரைச் சொன்னாரா? இது தெரியாமல் நான் எட்டு வருஷம் உன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீயும் சொல்லாமல் எட்டு வருஷம் இருந்திருக்கிறாய். பிடிவாதத்தில் நம் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

ஆனாலும் சரி என்று எழுத என் கை வர மாட்டேனென்கிறது. காரணத்தை உள்ளபடி சொல்கிறேன். அங்கே இரும்புச் சட்டம் போட்டுக் கல்லறை மண்டபத்தை இறுக்கிக் கட்டினார்களே, அந்த வருஷம் அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். திரும்பி வந்து, மீன் டப்பாத் தகரத்தை வெட்டி அதே மாதிரி சட்டம் செய்தோம். நான் விரலை வெட்டிக்கொண்டேன். “மரத்துல ரத்தம் படுதுடா, தள்ளிப் போ” என்றார் அப்பா. என் விரலை ஒரு பார்வை பார்க்கவில்லை. அவரோடு சேர்ந்து நான் செய்த கடைசி வேலை அது. அடுத்த வருஷம் கப்பல் ஏறிவிட்டேன்.

இங்கே எனக்குக் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு நம் பாஷையில் ஒரு வார்த்தை வராது. நான் செத்தால் ஸ்பானிஷ் மொழியில்தான் ஜெபம் சொல்வார்கள். பெத்லகேமில் இது என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அந்தப் பாதிக் கோயில் ஒன்றுதான் இருக்கிறது. நீ எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் சட்டப்படி எல்லாம் உனதாகிவிடும். நான் அங்கே யார்?

அதனால் ஒன்று செய்வோம். அடுத்த கோடையில் நான் வருகிறேன். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்வோம். அதுவரை பொறு.

பிஷாரா


பெத்லகேம், 1966 ஆகஸ்ட் 8

அண்ணா,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நீ அங்கே யார் என்றா கேட்கிறாய்? அடப் பைத்தியமே. இப்போதும் தெருவில் எவனைக் கேட்டாலும் என்னைப் பிஷாராவின் தங்கச்சி என்றுதான் சொல்கிறான். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, இன்னும் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது.

டாக்டரிடம் போனேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது குறையற வியாதி இல்லம்மா. வர்ற குளிர்காலம் இதைவிட மோசமா இருக்கும். ஊசில நூல் கோக்குற மாதிரி வேலையெல்லாம் இனிமே மறந்துடுங்க” என்றார். நான் செய்கிற வேலை அதைவிடப் பொடி வேலை என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போதே செய் என்று நீ சொல்லியிருந்தால் செய்து முடித்திருப்பேன். அடுத்த கோடை என்கிறாய். அதற்குள் இந்த விரல்கள் மூடிக்கொண்டால் நான் என்ன செய்வது? இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். நீ வருவதென்றால் அதுவும் வேண்டியதுதான். பொறுத்துக்கொள்கிறேன். மரவேலை நீ செய், சிப்பி நான் வைக்கிறேன். நான் பிடிக்க முடியாததை நீ பிடி.

வராமல் மட்டும் இருந்துவிடாதே. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அண்ணனுக்காகக் காத்திருக்க எனக்குச் சக்தி இல்லை.

மிலாதே


சந்தியாகோ, 1967 மார்ச் 3

என் தங்கச்சி மிலாதேவுக்கு,

சீட்டு எடுத்துவிட்டேன். இங்கிருந்து ஜெனோவா, அங்கிருந்து பெய்ரூட், அப்புறம் தரை வழியாக அம்மான், எருசலேம். ஜூலை நடுவில் வந்துவிடுவேன். பெரியவனையும் கூட்டி வருகிறேன். “அத்தை, கைக்கு முத்தம்” என்று சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அவன் சொல்வதைக் கேட்டால் ஆட்டுக்குட்டி இருமுகிற மாதிரி இருக்கிறது. சிரித்துவிடாதே, ரோஷக்காரன்.

கடையில் ஆள் இல்லாதபோது ரம்பத்தை எடுத்துப் பழகிப் பார்க்கிறேன். கை மறந்துவிட்டது என்று பயந்தேன், பாதிதான் மறந்திருக்கிறது. உன் அண்ணி, “ஒருத்தருக்குக் கை வரல, இன்னொருத்தர் கையை வெட்டிக்கப் போறார், நல்ல வேலைக்காரங்கதான்” என்கிறாள். வச்சிரப் பசை அங்கேயே வாங்கி வை. இங்கே கிடைப்பது தண்ணீர். சிப்பியை மட்டும் நீ தேர்ந்தெடு, அதில் எனக்குக் கண் கிடையாது.

கை எப்படி இருக்கிறது? உள்ளதை எழுது.

பிஷாரா


பெத்லகேம், 1967 மே 21

அண்ணா,

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பசை வாங்கியாயிற்று. சிப்பி நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். உம் நக்லே தினமும் வந்து, “வர்றது உன் அண்ணனா, பிஷப்பா? இந்தப் பாடு படுறே” என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

கை காலையில் திறப்பதில்லை. வெயில் ஏறி, வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் திறக்கிறது. திறந்திருக்கிற நேரத்தில் உளியைப் பிடித்துப் பார்த்து வைக்கிறேன். ஜூலை வரை தாங்கும். தாங்க வேண்டும்.

ரேடியோவில் எல்லோரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். எகிப்து என்கிறார்கள், படை என்கிறார்கள், மாவு வாங்கி வை என்கிறார்கள். எத்தனை தடவை கேட்டாயிற்று இதையெல்லாம். நான் மாவுக்குப் பதில் உனக்குப் பிடித்த பேரீச்சம் பலகாரத்துக்கு ரவை வாங்கி வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

மிலாதே


சந்தியாகோ, 1967 ஜூன் 24

மிலாதே, மிலாதே,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்ததா தெரியவில்லை. தந்தி அடித்தேன், போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சண்டை தொடங்கிய நாளிலிருந்து இங்கே நம் ஆட்களெல்லாம் என் கடையில்தான் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தன் பெத்லகேமில் குண்டே விழவில்லை என்கிறான், இன்னொருத்தன் கோயில் தெரு தரைமட்டம் என்கிறான். இரண்டு பேருமே அங்கே இல்லை. எவனை நம்புவது?

கப்பல் ஆபீசில் கேட்டால், “பெய்ரூட் வரைக்கும் போகலாம் சார், அதுக்கு அப்புறம் எங்களுக்குத் தெரியாது” என்கிறான். அதற்கு அப்புறம்தானே என் ஊர் இருக்கிறது.

கோயில் போனால் போகட்டும். நீ உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டும் யார் கையிலாவது எழுதிக் கொடுத்து அனுப்பு.

உன் அண்ணன்


பெத்லகேம், 1967 அக்டோபர் 10

அண்ணா,

இருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு இத்தாலியக் கன்னியாஸ்திரி ரோமில் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டார். உன் கடிதங்கள் எதுவும் வரவில்லை. நீ தவித்திருப்பாய் என்று தெரியும்.

குண்டு விழுந்தது. நம் வீட்டில் இல்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் உம் நக்லேயும் அப்பாவின் மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தோம். “மேல கோயில் இருக்கு, அடியில நாம இருக்கோம், எப்படிப் பாத்தாலும் நமக்கு மோட்சம்தான்” என்றாள் அவள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுசாக அடித்த வெள்ளை மட்டும் பொரிந்து கொட்டிவிட்டது.

இப்போது நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. போன மாதம், ஊரைப் பிடித்த படைக்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லித் தலைகளை எண்ண வந்தார்கள். ஒரு சிப்பாயும், நம் பாஷை பேசுகிற ஒரு பையனும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். இரண்டு என்றேன். நான், என் அண்ணன்.

“எங்கே அண்ணன்?”

“மேலே.” வாயில் அப்படித்தான் வந்தது அண்ணா. யோசித்துச் சொல்லவில்லை.

சிப்பாய் துப்பாக்கியோடு மாடிக்கு ஏறிப் போனான். பையனும் போனான். நானும் பின்னாலேயே போனேன். அறையில் கோயிலைத் தவிர ஒன்றும் இல்லை. பையன் என்னைப் பார்த்தான். “எங்கம்மா?”

நான் உன் தூண்களைக் காட்டினேன். “இந்தப் பாதி அவனுது. அவன் வர்ற வழியிலதான் இருக்கான். சீட்டு எடுத்துட்டான். எழுதிக்கோ, பிஷாரா, அந்தூன் மகன்.”

அவன் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சிப்பாயிடம் ஏதோ பேசினான். பிறகு என்னிடம் மெதுவாக, “இங்க கண்ணு முன்னால நிக்கிறவங்களைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. வெளியில இருக்கிறவங்களுக்கு இங்க இடம் இல்ல” என்றான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எவனிடமும் நான் கும்பிட்டதில்லை, உனக்கே தெரியும். ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

ஊரில் இப்படி எத்தனையோ வீடு. குவைத்தில் இருக்கிற மகனும் அம்மானுக்குச் சந்தைக்குப் போன புருஷனும் எல்லாம் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவன் விருந்தாளியாக வரவேண்டுமென்றாலும் அவர்கள் மனது வைக்க வேண்டுமாம். நான் பொய் சொல்லியும் உன்னை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மன்னித்துக்கொள்.

மிலாதே


சந்தியாகோ, 1967 டிசம்பர் 18

என் மிலாதே,

நீ உயிரோடு இருப்பது தெரிந்து வீட்டில் எல்லோரும் அழுதோம். எண்ணிக்கையைப் பற்றி நீ எழுதியதை நான் அண்ணிக்குப் படித்துக் காட்டவில்லை. அங்கே வர அனுமதி கேட்டு, இங்கேயுள்ள அந்தப் படைக்காரர்கள் நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். ஒரு பெண் மரியாதையாகவே பேசினாள். “நீங்க சிலிக்காரர்தானே? உங்க ஊர் இதுதானே?” என்றாள். தபால்காரனுக்கு நான் துருக்கன், இவளுக்கு நான் சிலிக்காரன். பெத்லகேம்காரன் என்று சொல்ல ஒருத்தனும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

களைத்துவிட்டேன். வீம்பு பிடித்து உன் கையிலிருந்த இரண்டு குளிர்காலத்தை நான் தின்றுவிட்டேன். அன்றைக்கே சரி என்று எழுதியிருந்தால் நீ முடித்திருப்பாய். அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேனென்கிறது.

இப்போது எழுதுகிறேன், தெளிவாகப் படித்துக்கொள். சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். இந்தக் கடிதத்தைச் சாமியாரிடம் காட்டு. முகப்பைச் செய், குவிமாடத்தைச் செய், என் கல்லறை மண்டபத்தையும் செய். அந்தத் தகரச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூண்களை நிமிர்த்து. எல்லாம் உன்னுடையது. இல்லாதவனுக்கு எதற்குப் பங்கு? நீ முழுசாகப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டாய், பார்த்துவிடு. முடிந்ததும் ஒரு புகைப்படம் அனுப்பு. அது போதும் எனக்கு.

பிஷாரா


பெத்லகேம், 1968 ஏப்ரல் 22

அண்ணா,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். கையெழுத்தைப் பார்த்து நான்தானா என்று சந்தேகப்படாதே, நானேதான். பேனாவை விரலோடு துணியில் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

சாமியாரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஒரு வழியா உங்க அண்ணன் இறங்கி வந்துட்டாரா?” என்றார். சத்தியம் தீர்ந்தது என்று தலையில் கை வைத்தார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். முகப்புக்கு அதிக நாள் ஆகவில்லை. மணிக்கூண்டில் ஒரு வரிசை சிப்பி புதுசு. குவிமாடம்தான் என்னைக் கொன்றுவிட்டது. ஊறிய மரத்தை வெயிலில் காய வைத்து, கயிறு போட்டு இறுக்கி, விரிசலை மூட வைத்தேன். உம் நக்லே பசையைக் காய்ச்சிக் கொடுத்தாள், அவள் வாய்க்கு ஒரு பசை இல்லாமல் போயிற்று. கோப்பையில் இருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒன்று வைத்தால் இரண்டு கீழே விழும். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் அப்பாவைத் திட்டிவிட்டேன், எதற்கய்யா அன்றைக்கு ரம்பத்தை எடுத்தாய் என்று. கடைசியில் மூடிவிட்டது. வாசலில் நின்று பார்த்தால் விரிசல் இருந்த இடம் தெரியவில்லை. பொதுவில் உன் சம்மதத்தோடு செய்தது, அதனால் அது பொதுவாகவே இருக்கிறது.

கல்லறை மண்டபத்தை நான் தொடவில்லை.

கோபப்படாமல் கேள். தகரச் சட்டம் நீயும் அப்பாவும் இறுக்கினபடியே இருக்கிறது. இடப்பக்கத் தூண் இரண்டு சாய்ந்திருக்கிறது, உள்ளே ஒரு குருசு பிடி விட்டுத் தொங்குகிறது. தூசிகூடத் தட்டவில்லை. கை ஓடவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. குவிமாடம் முடிந்த பிறகும் இரண்டு வாரம் கை ஓடியது. உளியை எடுத்துக்கொண்டு உன் தூண்கள் முன்னால் உட்காருவேன், எழுந்து போய்விடுவேன். அப்படியே அந்த இரண்டு வாரமும் போயிற்று. இப்போது வலது கை மூடிவிட்டது, வெந்நீருக்கும் திறப்பதில்லை. நான் அதை முழுசாகப் பார்க்கப் போவதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது, இல்லையென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் அதைச் சரிசெய்தால் அது என்னுடையதாகிவிடும். நீதானே சொன்னாய், சட்டம் என்று? துப்பாக்கியோடு வந்தவன் உன்னை எழுதாமல் போய்விட்டான். நானும் என் கையால் உன்னை அழிக்க வேண்டுமா? எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது உடைந்தே இருக்கட்டும். உடைந்து கிடக்கிற வரைக்கும் அது உன்னுடையது. உனக்குப் பிறகு உன் ஆட்டுக்குட்டி மகனுடையது.

புகைப்படம் இதோடு வைத்திருக்கிறேன். படம் பிடிக்க வந்தவன், “முகப்புதான் அம்மா அழகா இருக்கு, அந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கிறேன்” என்றான். நான் மேசையைத் திருப்பி உன் பக்கத்தை எடுக்கச் சொன்னேன்.

நேற்று சாமியாரின் விருந்தாளிகள் சிலர் பார்க்க வந்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து, இவ்வளவு செய்தவர் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உம் நக்லே முந்திக்கொண்டாள்.

“அதுல யாரும் கை வைக்கக் கூடாது” என்றாள். “அது இவ அண்ணனோடது. வெளியில போயிருக்கார். வருவார்.”

மிலாதே